நகச்சொத்தைக்கு அவசர வைத்தியம் இல்லை

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நகச்சொத்தையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் செயலாளர் அண்ணன் ஒரு நிமிடம் யோசித்தார். "ஏனப்பா, மெஷினைப் பத்திப் பேசுவேன்னு பார்த்தா, நகத்தைப் பத்தியா?" என்றார். நியாயமான கேள்விதான். நான் டாக்டர் இல்லை. திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் ப்ராசஸ் இன்ஜினியராக இருக்கிறேன். ஆனால் ஈரத்தோடு பிழைப்பு நடத்தும் ஜனங்களோடு பத்து வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறேன். எங்கள் யூனிட்டுக்கு வந்து போகும் தோல் டாக்டர் அம்மாவிடம் கேட்டும், படித்தும், கண்ணால் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இதை யாரும் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

இந்த அரங்கிலேயே கால் பெருவிரல் நகம் மஞ்சளாகி, தடித்து, ஓரத்தில் பொடிப்பொடியாக உதிர்கிறவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்கள் இன்றைக்கு ஷூ போட்டு மறைத்து வந்திருப்பார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டாரத்தின் தொழில்களை நினைத்துப் பாருங்கள். இந்தச் சொத்தை ஏன் வருகிறது என்று புரிந்துவிடும்.

யாருக்கு வருகிறது?

சாயப்பட்டறையில் நாள் முழுக்கத் தண்ணீர். கம்பூட்ஸுக்குள் வியர்வை. கையில் ஏறிய சாயத்தைப் போக்க, துணிக்குப் போடும் ஹைட்ரோஸையும் ப்ளீச்சிங் பவுடரையும் கையிலேயே தேய்த்துக் கழுவுகிற பழக்கம் வேறு. சாயம் போகும், கூடவே தோலின் இயற்கையான எண்ணெய்ப் பூச்சும் போய்விடும். ஃபவுண்டரியில் சேஃப்டி ஷூவைக் காலையில் மாட்டினால் ஷிப்ட் முடிந்துதான் கழற்றுகிறார்கள். வயலில் மடை திருப்புகிறவருக்குச் சேற்றுப்புண். வெட் கிரைண்டருக்குப் பேர்போன ஊர் நம்முடையது. இட்லி மாவு ஆட்டி விற்கும் வீடு தெருவுக்குத் தெரு உண்டு. அந்தப் பெண்களின் விரல்கள் எந்த நேரமும் ஈரமாகத்தான் இருக்கின்றன.

பூஞ்சைக்கு, அதாவது நாம் பூசணம் என்கிறோமே அதற்கு, வேண்டியது மூன்று: ஈரம், சூடு, காற்றோட்டம் இல்லாமை. மூன்றையும் ஷூவுக்குள் நாமே செய்து கொடுக்கிறோம். முதலில் விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணாக வரும். அதை அப்படியே விட்டால் நகத்துக்கு அடியில் புகுந்துவிடும். கால் நகத்தில் பெரும்பாலும் வருவது ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்கிற வகை. நகத்திலும் முடியிலும் இருக்கிற கெரட்டின் என்ற புரதம்தான் அதற்குச் சாப்பாடு. எப்போதும் தண்ணீரில் இருக்கும் கை நகத்தில் கேண்டிடா என்கிற ஈஸ்ட் வகையும் சேர்ந்துகொள்ளும். மண்ணிலும் மரத்திலும் வாழ்கிற வேறு சில பூசணங்களும் அபூர்வமாக நகத்தில் குடியேறுவது உண்டு. அவற்றில் சில வழக்கமான மாத்திரைக்கு மசியாது.

வயதானால் நகம் மெதுவாக வளரும், ரத்த ஓட்டமும் குறையும். அதனால் பெரியவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல். இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அந்த எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்த்தால், நகச்சொத்தை வெறும் அழகுப் பிரச்சினை இல்லை என்பது தெரியும்.

ஒரு மேஸ்திரியின் கால் விரல்

எங்கள் பட்டறையில் வின்ச் பகுதியில் ஒரு மேஸ்திரி அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. வலது பெருவிரல் நகம் நாலு வருஷமாகச் சொத்தை. மருதாணி அரைத்து வைத்தார், வேப்பெண்ணெய் விட்டார், மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பும் போட்டார். "நகத்துக்குப் போயி டாக்டரைப் பார்ப்பாங்களாங்க தம்பி?" என்பார். ஒரு நாள் அவர் சாக்ஸைத் துவைக்க எடுத்த வீட்டம்மா ரத்தக்கறையைப் பார்த்துவிட்டார். தடித்த நகத்தை ஷூ அழுத்தி அழுத்தி, நகத்துக்கு அடியிலேயே புண்ணாகியிருக்கிறது. சர்க்கரையால் கால் மரத்துப் போயிருந்ததால் அவருக்கு வலியே தெரியவில்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சர்க்கரை உள்ளவரின் காலில் வரும் சின்னப் புண், ஆறாமல் உள்ளே இறங்கினால், விரலை எடுக்கிற அளவுக்குப் போகலாம். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாரி கொண்டு வெட்டும்படி ஆக்கிக்கொள்ளக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நகத்துக்கே அது பொருந்துகிறது பாருங்கள்.

அவருக்கு டாக்டர் அம்மா எடுத்த உடனே பூஞ்சை மருந்து கொடுக்கவில்லை. முதலில் புண், அடுத்தது சர்க்கரை, அப்புறம்தான் நகம் என்று வரிசை போட்டார். அந்த வரிசையை நாம் எல்லோருமே மனதில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் டெஸ்ட், பிறகு மருந்து

மெஷின் ஓடவில்லை என்றால் எடுத்தவுடன் மோட்டாரை மாற்றுவோமா? ஃப்யூஸைப் பார்ப்போம், சப்ளையைப் பார்ப்போம். நகத்திலும் அதே முறைதான். பார்வைக்குச் சொத்தையாகத் தெரியும் நகங்களில் ஏறக்குறைய பாதிதான் உண்மையில் பூஞ்சை. மீதியில் சோரியாசிஸ் இருக்கலாம், அடிபட்ட நகம் இருக்கலாம், இறுகிய ஷூ தள்ளித் தள்ளித் தூக்கிய நகம் இருக்கலாம். எங்கள் பேக்கிங் பகுதியில் ஒரு பையனுக்கு இரண்டு கட்டைவிரல் நகங்களும் ஒரே மாதிரி குழிகுழியாக இருந்தன. எல்லோரும் பூசணம் என்றே சொன்னார்கள். டெஸ்டில் பூஞ்சை இல்லை. தலையில் செதில் இருப்பதைப் பார்த்து, இது சோரியாசிஸ் என்று டாக்டர் கண்டுபிடித்தார். டெஸ்ட் பண்ணாமல் இருந்திருந்தால் மூன்று மாதம் வேண்டாத மாத்திரையை விழுங்கியிருப்பான்.

டெஸ்ட் ரொம்பச் சுலபம். நகத்தின் கீழிருந்து சுரண்டிய தூளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊற வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கே.ஓ.எச். டெஸ்ட் என்று பெயர். காரம் கெரட்டினைக் கரைத்துவிடும், பூஞ்சையின் இழைகள் மட்டும் தெரியும். காஸ்டிக்கில் வேலை செய்கிற நம்ம டெக்ஸ்டைல் ஆட்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. எந்த வகைப் பூஞ்சை என்று தெரிய வேண்டுமானால் கல்ச்சர் வைக்க வேண்டும். அதற்கு மூன்று நாலு வாரம் ஆகும். வெட்டிய நகத் துண்டைச் சாயமேற்றிப் பார்க்கிற முறையும் உண்டு. ஒரே நிபந்தனை: டெஸ்டுக்கு முன் ஏற்கெனவே பூஞ்சை மருந்து போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மருந்து போட்ட நகத்தில் டெஸ்ட் பொய் சொல்லும்.

நகத்தின் வேகம்

இப்போது இன்ஜினியர் கணக்குக்கு வருவோம். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. கால் நகம் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். மாதத்துக்கு 1 முதல் 1.5 மில்லிமீட்டர். பெருவிரல் நகம் அடியிலிருந்து நுனிவரை முழுவதும் மாற 12 முதல் 18 மாதம் ஆகும்.

சொத்தையான பகுதி மறுபடி நல்ல நகமாக மாறாது. மருந்து செய்வதெல்லாம், அடியிலிருந்து புதிதாக வரும் நகத்தைப் பூஞ்சை தொடாமல் காப்பதுதான். பழைய நகம் முன்னால் தள்ளப்பட்டு, வெட்டி எறியப்பட வேண்டும். ஒரு நீளமான கன்வேயரில் ஏற்கெனவே ஏறிவிட்ட கழிவு சரக்கு மாதிரி; அது கடைசி முனைக்குப் போய் விழும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பெல்ட்டின் வேகத்தை நாம் கூட்ட முடியாது.

இது புரியாததால்தான் பாதிப் பேர் மருந்தை நடுவில் நிறுத்துகிறார்கள். "ஒரு மாசம் சாப்பிட்டேனுங்க, ஒண்ணும் தெரியலீங்க" என்பார்கள். ஒரு மாதத்தில் தெரிய வேண்டியதே 1 மில்லிமீட்டர்தான்! எங்கள் டாக்டர் அம்மா மேஸ்திரி அண்ணனின் நகத்தில், நல்ல பகுதியும் சொத்தையும் சேரும் இடத்தில் ஒரு சின்னக் கீறல் போட்டுவிட்டார். கீறல் முன்னால் நகர, அதன் பின்னால் வரும் நகம் சுத்தமாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது. சொத்தை கீறலைத் தாண்டிப் பின்னால் வந்தால் வேலை செய்யவில்லை. மாதம் ஒரு தடவை க்யூ.சி. பையன் வெர்னியரை எடுத்து வந்து அளந்து நோட்டில் எழுதினான். மில்லிமீட்டர் கணக்கில் முன்னேற்றத்தைப் பார்த்ததால்தான் அண்ணன் மாத்திரையை விடாமல் முடித்தார்.

மாத்திரைகள்

பழைய மருந்து க்ரிசியோஃபல்வின். ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து 1939-லேயே பிரித்தெடுத்தார்கள். வாயால் சாப்பிட்டால் தோல் பூஞ்சை குணமாகும் என்று 1958-ல்தான் கினிப் பன்றிகளிடம் நிரூபித்தார்கள். கால் நகத்துக்கு அதை ஒரு வருஷத்துக்கும் மேல் விழுங்க வேண்டும். அப்படியும் குணமாகிறவர்கள் குறைவு. முந்தின தலைமுறை "நகச்சொத்தைக்கு மருந்தே கிடையாது" என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

நிலைமையை மாற்றியது டெர்பினாஃபின். வியன்னாவில் இருந்த சாண்டோஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவானது. பிரிட்டனில் 1991-ல் விற்பனைக்கு வந்தது; நகச்சொத்தைக்கான மாத்திரையாக அமெரிக்கா 1996-ல் அனுமதித்தது. பூஞ்சையின் செல் சுவருக்கு உள்பக்கம் இருக்கும் சவ்வுக்கு எர்கோஸ்டிரால் என்ற பொருள் வேண்டும். அதைத் தயாரிக்கும் வரிசையில் ஒரு நொதியை இந்த மருந்து அடைத்துவிடுகிறது. வழக்கமான அளவு தினம் 250 மில்லிகிராம். கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். நகம் மாற ஒரு வருஷம் ஆகும்போது 12 வாரம் எப்படிப் போதும் என்று கேட்கலாம். மருந்து நகத்துக்குள்ளேயே தங்கி, மாத்திரையை நிறுத்திய பிறகும் மாதக் கணக்கில் வேலை செய்கிறது. அதனால் 12 வாரம் முடிந்த அன்று நகம் அசிங்கமாகவே இருந்தாலும் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது இட்ராகோனசோல். இதை மாதத்தில் ஒரு வாரம் மட்டும் சாப்பிட்டு மூன்று வாரம் விடுகிற முறை உண்டு. பல்ஸ் முறை என்பார்கள். கை நகத்துக்கு இரண்டு சுற்று, கால் நகத்துக்குப் பொதுவாக மூன்று சுற்று. கேண்டிடாவுக்கு இது டெர்பினாஃபினை விடப் பொருத்தம். வாரம் ஒரு தடவை சாப்பிடும் ஃப்ளூகோனசோலும் சிலருக்குக் கொடுப்பார்கள். அது பல மாதம் நீளும்.

குணமாகும் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் டெர்பினாஃபின் மாத்திரையோடு வரும் அதிகாரபூர்வக் குறிப்பின்படி, கால் நகச் சோதனையில் 48-வது வாரம் பார்த்தபோது 70 சதவீதம் பேருக்கு டெஸ்டில் பூஞ்சை போயிருந்தது. ஆனால் பூஞ்சையும் போய், நகமும் முழுக்கச் சுத்தமாக ஆனவர்கள் 38 சதவீதம்தான். "குணம்" என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அளவுகோல். விளம்பரத்தில் எந்தக் குணத்தைச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நம் மேஸ்திரி அண்ணனுக்கும் 14 மாதத்தில் பெருவிரல் நகம் தெளிந்தது. சுண்டுவிரல் நகம் கடைசிவரை பழைய மாதிரி ஆகவில்லை. ஆனால் புண் ஆறியது, ஷூ போட முடிகிறது, வேலைக்கு வருகிறார். அதுதான் முக்கியம்.

எச்சரிக்கைகள் உண்டு. டெர்பினாஃபின் தொடங்குமுன் ரத்தத்தில் கல்லீரல் டெஸ்ட் பார்ப்பது வழக்கம். கல்லீரல் நோய் உள்ளவர்களும், தினம் மது அருந்துகிறவர்களும் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். சிலருக்கு நாக்கில் ருசி போய்விடும். இட்ராகோனசோல், இதயம் பலவீனமானவர்களுக்கு நகத்துக்காகக் கொடுக்கக் கூடாத மருந்து. கொலஸ்ட்ராலுக்குச் சாப்பிடும் சில ஸ்டாட்டின் மாத்திரைகளோடும் அது சேராது. ஆகவே மூத்த அண்ணன்மார்கள் டாக்டரிடம் போகும்போது, வீட்டில் தினமும் விழுங்குகிற மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கீடோகோனசோல் மாத்திரையை நகத்துக்கும் தோலுக்கும் கொடுக்கக் கூடாது என்று 2013-ல் அமெரிக்கத் துறை எச்சரித்தது. அதே ஆண்டு ஐரோப்பிய மருந்து அமைப்பு அதன் விற்பனையை நிறுத்தச் சொன்னது. காரணம் கல்லீரல்தான். பழைய சீட்டை வைத்துக்கொண்டு மாத்திரை வாங்கக் கூடாது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் இல்லை.

பூச்சு, லேசர், வீட்டு வைத்தியம்

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், நகத்தின் நுனியில் மட்டும் சொத்தை உள்ளவர்களுக்கும் நெயில் பாலிஷ் மாதிரிப் பூசும் மருந்துகள் உண்டு. அமோரால்ஃபின் வாரம் ஒன்றிரண்டு தடவை, நகத்தை அரத்தால் தேய்த்துவிட்டுப் பூசுவது. சிக்ளோபிராக்ஸ் தினம் பூசுவது. பொறுமை ஒரு வருஷத்துக்கு வேண்டும். தனியாக இவற்றின் வெற்றி குறைவு. சிக்ளோபிராக்ஸுக்கு அமெரிக்காவில் நடந்த இரண்டு சோதனைகளில் முழுக் குணம் 5.5 சதவீதமும் 8.5 சதவீதமும்தான். 2014-ல் அங்கே அனுமதி பெற்ற எஃபினகோனசோல் சொட்டு மருந்தில் அது 17.8, 15.2 சதவீதமாக ஏறியது. மருந்துக்குப் பூஞ்சையைக் கொல்லும் சக்தி இருக்கிறது. நகம் என்கிற கெட்டியான தகட்டைத் தாண்டிப் போவதுதான் கஷ்டம்.

மருதாணிக்கும் பூண்டுக்கும் இதே கதைதான். மருதாணிச் சாறு ஆய்வகத் தட்டில் பூஞ்சையைத் தடுக்கலாம். தட்டில் தடுப்பது வேறு, அரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்த நகத்தின் அடிக்குப் போய்ச் சேர்வது வேறு. நகச்சுத்துக்கு எலுமிச்சம்பழத்தைச் செருகுவது நம்ம வழக்கம். ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் புண்ணுள்ள விரலில் எதையும் செருக வேண்டாம். பட்டறையில் சிலர் ப்ளீச்சில் விரலை முக்குவார்கள். அது பூஞ்சையை விட்டுவிட்டுத் தோலைத்தான் தின்னும்.

தடித்த நகத்தை 40 சதவீத யூரியா களிம்பால் மெத்தென ஊற வைத்து, டாக்டர் சீவி எடுப்பது நல்ல துணை வைத்தியம். மருந்து இறங்க வழி கிடைக்கும், ஷூ அழுத்தமும் குறையும். முன்னெல்லாம் நகத்தையே பிடுங்கி எடுப்பார்கள். மருந்து இல்லாமல் பிடுங்குவதால் மட்டும் நோய் போகாது. லேசர் என்று பெரிய தொகை கேட்கிற இடங்கள் உண்டு. அமெரிக்காவில் அந்தக் கருவிகளுக்குக் கொடுத்த அனுமதி, தெளிவான நகம் தற்காலிகமாகக் கூடும் என்பதற்குத்தான். நோய் குணமாகும் என்பதற்கு இல்லை. பணம் கட்டுமுன் இந்த வித்தியாசத்தைக் கேளுங்கள்.

மாவு ஆட்டும் கைகளுக்கு வரும் நகச்சுத்துக்கு முக்கிய வைத்தியம் உலர்வு. என் அத்தை ஒருத்தர் மாவு விற்கிறார். அவர் கைக்கு டாக்டர் எழுதியதில் முதல் வரி மருந்தே இல்லை: உள்ளே பருத்திக் கையுறை, அதன் மேல் ரப்பர் கையுறை. ரப்பர் மட்டும் போட்டால் உள்ளே வியர்த்து அதுவும் ஈரமாகிவிடும்.

கடைக் களிம்பு

தம்பிகளா, இந்தப் பகுதி உங்களுக்கு. விடுதியில் ஒருத்தனுக்குத் தொடை இடுக்கில் அரிப்பு வரும். கடையில் ஒரு ட்யூப் வாங்குவான். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும். அந்த ட்யூப் ரூம் முழுக்கச் சுற்றும். பெரும்பாலும் அந்த ட்யூபில் இருப்பது ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த கலவை. ஸ்டீராய்டு அரிப்பை அடக்குகிறது. அதோடு பூஞ்சையை எதிர்க்கும் உடம்பின் சக்தியையும் அடக்குகிறது. வெளியே சிவப்பு குறையும், உள்ளே பூஞ்சை பரவும். அலாரத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தீ அணைந்தது என்று நினைப்பது மாதிரி.

இதன் விளைவை நம் நாடே அனுபவிக்கிறது. சாதாரண அளவு டெர்பினாஃபினுக்கு அடங்காத படர்தாமரை இந்தியா முழுக்கப் பரவியது. அந்தப் பூஞ்சைக்கு 2020-ல் வைத்த பெயரே ட்ரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே. நம் நாட்டின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. மருந்து அடைக்க வேண்டிய அந்த நொதியின் மரபணுவே அதில் மாறியிருக்கிறது. பூட்டு மாறிவிட்டால் பழைய சாவி எப்படிச் சேரும்? 2023-ல் நியூயார்க்கிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. அது பெரும்பாலும் தோலில் வருவது. ஆனால் தோலுக்கும் நகத்துக்கும் நம்மிடம் இருக்கும் மருந்துகள் ஒன்றேதான். தோலில் வீணடித்தால் நகத்துக்கும் இல்லாமல் போகும்.

மத்திய அரசு 2018-ல் பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது இப்படிப்பட்ட சில களிம்புகளும் அதில் இருந்தன. சட்டம் வந்துவிட்டது, கேட்டு வாங்குகிற பழக்கம்தான் போகவில்லை. ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பெட்டாமெத்தசோன் என்று முடியும் பெயர்கள் இருந்தால் டாக்டர் எழுதாமல் போடாதீர்கள்.

திரும்ப வராமல் இருக்க

குணமான பிறகு இது திரும்ப வருவது சகஜம். கால் காய்ந்திருக்க வேண்டும். குளித்தவுடன் விரல் இடுக்கைத் துடைக்க வேண்டும். பருத்திச் சாக்ஸ் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாற்ற வேண்டும். ஷூவும் இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று வெயிலில் காயும். சேற்றுப்புண் வந்தவுடனே வைத்தியம் பார்த்துவிட வேண்டும். நகத்துக்கு விதை அங்கிருந்துதான் வருகிறது. வீட்டில் இன்னொருவருக்கு இருந்தால் அவருக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெயில் கட்டர், துண்டு, சாக்ஸ் இவற்றில் தோழமை வேண்டாம். விடுதிப் பொதுக் குளியலறையில் செருப்போடு போங்கள்.

நாம் செய்யக் கூடியது

இந்தச் சங்கத்தில் பட்டறை நடத்துகிறவர்கள், மில் நிர்வாகத்தில் இருப்பவர்கள், ஃபவுண்டரி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

முதலாவது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தோல் டாக்டரை யூனிட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஷூவைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்க்கட்டும். சர்க்கரை உள்ளவர்களின் காலை முதலில் பார்க்கட்டும். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையும், மற்றவர்களுக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவும் இருக்கின்றன. அரை நாள் லீவு கொடுத்து அனுப்புங்கள், சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். அந்த அரை நாளுக்குப் பயந்துதான் பாதிப் பேர் மருந்துக் கடைக்குப் போகிறார்கள்.

இரண்டாவது, தரையில் தண்ணீர் தேங்காத வாட்டம், சாக்ஸும் ஷூவும் காயப் போட ஒரு சூடான அறை. ஸ்டென்டரில் வீணாகப் போகும் சூட்டிலேயே அந்த அறையைக் காய வைக்கலாம். இறுதியாண்டுத் தம்பி தங்கைகளே, ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் யூனிட் வந்து அளவெடுக்க நான் ஏற்பாடு செய்கிறேன்.

மூன்றாவது, கையிலிருக்கும் சாயத்தைப் போக்க ஹைட்ரோஸ் வேண்டாம் என்று எழுதி ஒட்டுவதோடு நிற்காமல், சாயம் ஏறாதபடி நல்ல கையுறையை நாமே வாங்கிக் கொடுப்போம்.

நகமும் சதையும் போல என்று உறவுக்குச் சொல்வார்கள். நம் தொழிலும் தொழிலாளியும் அப்படித்தான். இன்று ஊருக்குப் போனதும், வீட்டில் சர்க்கரை உள்ள அப்பா அம்மா யாராவது இருந்தால், அவர்கள் காலை ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.